தோல் சொல்லும் சாட்சி

முன்கையின் உட்பக்கத்தில் மழுங்கிய பென்சில் முனையால் சற்று அழுத்தி ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். சில நொடிகளில் கோடு நிறம் மாறும். சிறிது நேரத்தில் அதைச் சுற்றி ஒரு மெல்லிய படர்வு தோன்றும். கூர்ந்து எதிர்வினை காட்டும் தோல் உங்களுக்கு வாய்த்திருந்தால், இன்னும் ஓரிரு நிமிடங்களில் கோடு வரம்பாக மேலெழுந்து, விரலால் தடவி உணரும் அளவுக்குத் தடித்து நிற்கும். லண்டன் வைத்தியர் தோமஸ் லூயிஸ் 1920களில் இந்த மூன்று படிகளையும் பொறுமையாக ஆராய்ந்து எழுதினார். அழுத்தம் பட்ட நுண்குழாய்கள் விரிவது முதற்படி. நரம்பு நுனி மூளையைக் கேட்காமலே தன் பக்கத்துக் கிளைக்குச் செய்தி அனுப்பி, அயலிலுள்ள குழாய்களையும் விரியச் செய்வது இரண்டாம் படி. குழாய்ச் சுவர்கள் நெகிழ்ந்து, குருதியின் நீர்ப்பகுதி வெளியே கசிவது மூன்றாம் படி. ஒரு பென்சில் கோட்டுக்கு இத்தனை ஒழுங்கான விடை!

அந்த விடைக்குப் பின்னால் நிற்கும் கலத்தை 1878இல் போல் ஏர்லிக் தம் பட்ட ஆய்வில் விவரித்தார். அப்போது அவருக்கு வயது 24. செயற்கைச் சாயங்களை இழையங்களில் ஏற்றிப் பார்த்தவருக்கு, குருதிக் குழாய்களின் ஓரத்தில் துகள்கள் நிறைந்த ஒருவகைக் கலம் தென்பட்டது. அதுதான் மாஸ்ட் கலம். துகள்களுக்குள் இருப்பது ஹிஸ்டமினும் வேறு பல வேதிப்பொருள்களும். தோலைத் துளைத்து எது நுழைந்தாலும் அடுத்த நிமிடமே இக்கலம் துகள்களைக் கொட்டும், குழாய்கள் நெகிழும், குருதியிலுள்ள காவற்பொருள்கள் அந்த இடத்துக்குப் பாயும். இதே மாஸ்ட் கலத்தின் நொதிகள் பாம்பு நஞ்சையும் தேனீ நஞ்சையும் சிதைத்து எலிகளைக் காப்பாற்றுகின்றன என்று 2006இல் ஒரு ஆய்வு காட்டியது. நாம் வெறும் தொல்லை என்று நினைக்கும் அந்தத் தடிப்புக்குப் பின்னால் உயிர்காக்கும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. தோலைப் பற்றிப் பேசுமுன் அதைப் படைத்த பெருங்கருணைக்கு ஒரு வணக்கம் சொல்லத்தான் வேண்டும்.

குளிர்காலமும் கரப்பனும்

கனடாவின் மிசிசாகா நகரில் ஜனவரியில் வெளியே வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே கிடக்கும். வீட்டுக்குள் ஃபர்னஸ் இரவு பகலாக ஓடும். குளிர்ந்த காற்றால் மிகக் குறைந்த நீராவியையே தாங்க முடியும். அதே காற்றைச் சூடாக்கி அறைக்குள் விடும்போது அது வறண்டு, எதிர்ப்படும் ஈரத்தையெல்லாம் உறிஞ்சும். அந்த வறட்சியின் முன்னால் தோல் என்ன வைத்திருக்கிறது? காகிதத் தாளைவிட மெல்லிய ஓர் இறந்த கலப்படலம். ஏறத்தாழ 15 முதல் 20 அடுக்கு, அடுக்குகளுக்கிடையே கொழுப்புப் பூச்சு. அவ்வளவுதான். இந்தப் படலம் ஓயாமல் உதிர்கிறது. அடியிலிருந்து புதிய கலங்கள் ஏறி வர, சில கிழமைகளுக்குள் மேற்றோல் முழுவதும் புதிதாகிவிடுகிறது. இந்தப் படலத்தைக் கட்டிக்காக்கும் ஃபிலாகிரின் என்ற புரதத்தின் மரபணுவில் குறை உள்ளவர்களுக்குக் கரப்பன் எளிதாக வருகிறது என்பதை 2006இல் ஸ்கொட்லாந்தின் டண்டி பல்கலைக்கழகத்தார் கண்டுபிடித்தார்கள். யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ ஒருபோதும் தோல் வெடிக்காதவர்களுக்கு இங்கே முதற்குளிர்காலத்திலேயே முழங்கை மடிப்பு கடிக்கத் தொடங்குவதன் காரணம் பெரும்பாலும் இந்த வறட்சிதான்.

ஆனால் பனி கரைந்து, கிரெடிட் நதியோரம் பச்சை பிடித்த பிறகும் சிலரின் தடிப்பு அடங்குவதில்லை. வருகிறது, மறைகிறது, வேறிடத்தில் வருகிறது. ஊரில் காணாக்கடி என்பார்கள். முதலில் வீட்டில் விசாரணை நடக்கும். கத்தரிக்காயை நிறுத்துவார்கள், இறாலை நிறுத்துவார்கள், சவர்க்காரத்தை மாற்றுவார்கள். பிறகு குடும்ப வைத்தியர், இரத்தப் பரிசோதனை, விசேட வைத்தியருக்கான கடிதம், மாதக்கணக்கில் காத்திருப்பு. பரிசோதனை முடிவு வரும்போது சில எண்களின் பக்கத்தில் ‘அதிகம்’ என்றோ ‘குறைவு’ என்றோ குறி இருக்கும்; என்ன நோய் என்று மட்டும் எங்கும் இராது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நித்திரையில்லாமல் கிடக்கும் ஒவ்வொருவருக்கும் நான் சொல்ல விரும்புவது ஒன்றே: உங்கள் உடல் உங்களுக்குத் துரோகம் செய்யவில்லை. அது உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த மொழியைக் கற்க மனிதகுலத்துக்கு ஒன்றரை நூற்றாண்டாகியும் போதவில்லை. இதுவரை கற்றதில் கிடைத்த காட்சிகளே நம்மைத் தலைவணங்க வைக்கின்றன.

ஆறு கிழமை, ஒரு நாள்

ஆறு கிழமைகளுக்கு மேல் வந்து வந்து போகும் காணாக்கடியை வைத்தியர்கள் நாட்பட்டது என்று வகைப்படுத்துகிறார்கள். காரணத்தை உணவிலே தேடித் தேடி அலுத்த காலத்தில், 1993இல் லண்டன் ஆய்வாளர்கள் ஒரு புதிய வாசலைத் திறந்தார்கள். நோயாளிகள் சிலரின் குருதியில், அவர்களுடைய மாஸ்ட் கலங்களின் உணர்வியையே பற்றித் தூண்டும் பிறபொருளெதிரிகள் இருந்தன. வெளிப்பகைக்காக வடிக்கப்பட்ட கருவி உள்வீட்டு மணியையே அடித்துக்கொண்டிருந்தது. ஆண்டுக்கணக்கில் கத்தரிக்காயின் மேல் விழுந்திருந்த பழி இப்படித்தான் நீங்கியது. இந்நோய் பலருக்குச் சில ஆண்டுகளில் தானாகவே ஓய்ந்துவிடுகிறது. ஓயாதவர்களுக்கு ஹிஸ்டமினை மறிக்கும் மாத்திரைகளும், 2014 முதல் ஒமலிசுமாப் என்ற ஊசிமருந்தும் கைகொடுக்கின்றன.

தோல் தன் தடிப்பிலேயே ஒரு கடிகாரத்தை வைத்திருக்கிறது என்பது அழகான செய்தி. சாதாரணக் காணாக்கடியின் ஒவ்வொரு தடிப்பும் 24 மணிநேரத்துக்குள் சுவடில்லாமல் மறைந்துவிடும். புதியவை பக்கத்தில் எழலாம், எழுந்த அதே தடிப்பு நிலைப்பதில்லை. அதனால் வைத்தியர்கள் ஓர் எளிய வழி சொல்கிறார்கள். ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் வட்டமிடுங்கள். மறுநாள் அதே நேரம் பாருங்கள். வட்டத்துக்குள் தடிப்பு அப்படியே இருந்தால், அல்லது கன்றியது போன்ற கறையை விட்டுச் சென்றிருந்தால், கசிந்தது நீர் மட்டுமல்ல. நுண்குழாய்ச் சுவரே அழற்சியுற்றிருக்கலாம். அப்போது தேடவேண்டிய நோய்களின் பட்டியல் முற்றிலும் வேறு. விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஒரு பேனாவும் ஒரு நாள் பொறுமையும் போதும்.

இதோடு ஓர் எச்சரிக்கையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தடிப்போடு நாக்கோ தொண்டையோ வீங்கினால், மூச்சு முட்டினால், தலைசுற்றி விழப்பார்த்தால், காய்ச்சலோடு அழுத்தியும் மங்காத ஊதாப் புள்ளிகள் தோன்றினால், அது நாளை பார்க்கும் காரியமல்ல. 911ஐ அழைக்க வேண்டிய நேரம் அது.

பழுப்புத் தோலின் எழுத்து

தோல் நோய்ப் பாடநூல்கள் நெடுங்காலமாக வெள்ளைத் தோலின் படங்களை வைத்தே எழுதப்பட்டன. அதனால் ‘சிவப்பு’ என்ற சொல்லே நோயின் முதற்குறியாகிவிட்டது. நம் தோலில் அழற்சி சிவப்பாகத் தோன்றுவது அரிது. ஊதாவாக, கடும்பழுப்பாக, சிலவேளை சாம்பல் படர்ந்தது போலத் தோன்றும். நோய் அடங்கிய பிறகும் அந்த இடம் மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கும். உடலின் காவலே உடலைத் தாக்கும் லூபஸ் நோயில் இரு கன்னங்களிலும் மூக்கின் மேலும் வண்ணத்துப்பூச்சி வடிவில் படரும் தடிப்பு கருந்தோலில் வெறும் ‘வெயில் கறுப்பு’ என்று கவனிக்கப்படாமல் போகக்கூடும். இந்த வெற்றிடத்தை நிரப்ப, லண்டனில் மருத்துவ மாணவராக இருந்த மலோன் முக்வெண்டே தம் ஆசிரியர்களுடன் சேர்ந்து, கருந்தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்ற படக் கையேட்டை 2020இல் வெளியிட்டார்.

மெலனின் ஒரு கொடை. வெயில் கொளுத்தும் நிலநடுக்கோட்டு நாடுகளில் வாழ்ந்த நம் முன்னோரின் தோற்கலங்களுக்குள் அது கருவின் மேல் குடைபோலக் கவிந்து, மரபணுக்களைப் புறஊதாக் கதிரிலிருந்து காத்தது. அந்தக் கொடையை வாசிக்கத் தெரியாதது தோலின் குறையன்று, வாசிப்பவரின் குறை. மிசிசாகாவாசிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் தென்னாசிய வழிவந்தவர். 2011 முதல் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் மருத்துவ மாணவர்களில் ஒரு பகுதியினர் மிசிசாகா வளாகத்திலேயே பயில்கிறார்கள். நம்மைப் போன்றோரின் கைகளையும் கன்னங்களையும் பார்த்துப் பழகும் வைத்தியத் தலைமுறை இங்கேயே உருவாவது நமக்கு நன்மை. நாம் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. தடிப்பு எழும் நேரத்தில் பகல் வெளிச்சத்தில் தெளிவான படம் எடுத்து, பக்கத்தில் நோயில்லாத தோலும் தெரியும்படி வைத்துக்கொள்வது. வைத்தியரைச் சந்திக்கும் நாளில் தோல் பெரும்பாலும் தெளிந்து இருக்கும், படம்தான் பேசும்.

ஒரு குழாய்க் குருதி

முழங்கை மடிப்பில் எடுக்கும் ஒரு சிறு குழாய்க் குருதியில் எத்தனை உலகங்கள்! நம் எலும்பு மச்சை ஒவ்வொரு நொடியும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட செங்குழியங்களைப் பிறப்பிக்கிறது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 120 நாள் உழைத்து மறைகிறது. அவற்றை ஒரு நெடுங்கண்ணாடிக் குழாயில் நிற்கவைத்து, ஒரு மணிநேரத்தில் எத்தனை மில்லிமீற்றர் இறங்குகின்றன என்று பார்ப்பதுதான் ஈஎஸ்ஆர் பரிசோதனை. சுவீடனில் ஃபோரியஸும் வெஸ்ரர்கிரனும் நூறாண்டுக்கு முன் செம்மைப்படுத்திய அதே முறை இன்றும் உயிரோடிருக்கிறது. உடலில் எங்கேனும் அழற்சி மூண்டால் ஈரல் சில புரதங்களைக் கூட்டிச் சுரக்கும். அவை செங்குழியங்களின் ஒன்றையொன்று விலக்கும் இயல்பைத் தணிக்க, குழியங்கள் சுட்டு அடுக்கிய அப்பங்கள்போல ஒன்றன்மேல் ஒன்று சேர்ந்து விரைவாக இறங்கும். எங்கே நெருப்பு என்று இந்த எண் சொல்லாது. நெருப்பு இருக்கிறது என்று மட்டும் சொல்லும்.

இங்கே பயத்தைத் தணிக்கும் ஒரு கணக்கையும் சொல்ல வேண்டும். பல பரிசோதனைகளின் ‘இயல்பான எல்லை’ என்பது நலமாயிருப்பவர்களில் 95 வீதத்தினர் அடங்கும் எல்லை. அதாவது, நோயே இல்லாத 20 பேரில் ஒருவர் அந்த எல்லைக்கு வெளியே நிற்பார். ஒன்றையொன்று சாராத 20 பரிசோதனைகளை ஒருவருக்குச் செய்தால், அவற்றில் ஒன்றாவது எல்லை மீறியிருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 64 வீதம். ஆகவே ஒற்றை எண்ணின் ஒற்றை விலகல் தீர்ப்பல்ல. அந்த விலகல் மீண்டும் மீண்டும் வருகிறதா, தோலிலும் மூட்டிலும் சிறுநீரிலும் அதற்குத் துணைச்சாட்சி உண்டா என்பதே வைத்தியர் தேடுவது.

சிலருக்கு இயோசினோபில் என்ற வெண்குழியம் உயர்ந்து நிற்கும். மாஸ்ட் கலத்தைக் காட்டிய அதே ஏர்லிக், மறு ஆண்டே, 1879இல், இளஞ்சிவப்புச் சாயம் ஏற்றி இதையும் அடையாளம் கண்டார். ஒவ்வாமையில் கூடும், சில மருந்துகளால் கூடும், ஆஸ்துமாவில் கூடும். புழு உடலில் குடியிருந்தாலும் கூடும். வெப்பநாடுகளிலிருந்து வந்தவர்கள் மறக்கக்கூடாத ஒரு புழு உண்டு, பெயர் ஸ்ரொங்கிலொயிடிஸ். ஈரமண்ணில் வெறுங்காலோடு நடந்த சிறுவயதில் அதன் நுண்ணிய குடம்பி பாதத்தோலைத் துளைத்து நுழையும். குருதி வழியே நுரையீரலுக்கும், அங்கிருந்து தொண்டைக்கும், தொண்டையிலிருந்து சிறுகுடலுக்கும் பயணிக்கும். பெண்புழு ஏறத்தாழ இரண்டு மில்லிமீற்றர் நீளம்தான். ஆண் துணையின்றியே முட்டையிடும். அதன் குஞ்சுகள் அதே உடலுக்குள் மீண்டும் நுழைந்து புதுச் சுற்றைத் தொடங்கும். இரண்டாம் உலகப்போரில் தென்கிழக்காசியாவில் சிறைப்பட்ட படைவீரர்களின் உடலில் 30 ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தப் புழு கண்டுபிடிக்கப்பட்டது.

அது தோலுக்கடியில் ஊரும்போது, இடுப்பிலும் பிட்டத்திலும் வயிற்றிலும் கடிக்கும் வரியொன்று தோன்றி, மணிக்குப் பல சென்ரிமீற்றர் வேகத்தில் நகர்ந்து, சில மணிநேரத்தில் மறையும். மலப்பரிசோதனைக்கு அது அடிக்கடி தப்பிவிடும்; குருதியில் பிறபொருளெதிரியைத் தேடும் பரிசோதனையே நம்பகமானது. இதை அறியாமல் தடிப்பை அடக்க ஸ்ரீரொயிட் மாத்திரை கொடுத்தால் புழு கட்டுக்கடங்காமல் பெருகி உயிரையே பறிக்கலாம். அதனாலேயே எந்த ஊரில் பிறந்தோம், எந்த மண்ணில் நடந்தோம் என்பதைக் கனேடிய வைத்தியர் கேட்குமுன்பே நாமே சொல்ல வேண்டும். இதற்கான மருந்து ஐவர்மெக்டின். ஜப்பானின் இற்றோ நகரருகே எடுத்த ஒருபிடி மண்ணில் சற்றோஷி ஓமுரா கண்டெடுத்த நுண்ணுயிரிலிருந்து அது பிறந்தது. அவருக்கும், மருந்தை உருவாக்குவதில் பங்காற்றிய வில்லியம் காம்பெலுக்கும் 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. நோயை மண்ணில் வைத்தவன் மருந்தையும் மண்ணிலேயே வைத்திருந்தான்.

தன்னை அறியும் கலம்

தோல் நோய் உள்ளுறுப்பின் செய்தியாகவும் இருக்கலாம் என்பதை இந்த ஒன்ராறியோ மண்ணில் பிறந்த ஒருவர்தான் உலகுக்கு அழுத்திச் சொன்னார். ரொறன்ரோவுக்கு வடக்கே பொண்ட் ஹெட் கிராமத்தில் 1849இல் பிறந்த வில்லியம் ஒஸ்லர், 1895 முதல் எழுதிய கட்டுரைகளில், தோற்தடிப்போடு மூட்டுவலியும் வயிற்றுவலியும் சிறுநீரகப் பாதிப்பும் சேர்ந்து வரும் நோயாளிகளை வரிசையாக விவரித்தார். இன்று வெவ்வேறு பெயர்களில் அறியப்படும் பல நோய்கள் அவற்றில் கலந்திருந்தன; லூபஸும் அவற்றில் ஒன்று. மிசிசாகாவின் அயல் நகரான பிரம்டனின் பெரிய வைத்தியசாலையை நடத்தும் அமைப்பு அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

லூபஸ் ஏன் வருகிறது என்று கேட்டால், படைப்பின் மிக நுட்பமான ஏற்பாடொன்றைப் பார்க்க வேண்டும். உலகில் இனிமேல் பிறக்கப்போகும் கிருமியையும் அடையாளம் காணும் வண்ணம், நம் டி கலங்கள் என்ற வெண்குழியங்கள் தம் மரபணுத் துண்டுகளைக் கலைத்துக் கலைத்து அடுக்கி, கோடிக்கணக்கான வெவ்வேறு உணர்விகளை உருவாக்குகின்றன. அந்த உணர்வியின் மரபணுவை 1984இல் பிரித்தெடுத்துக் காட்டியவர்களில் ஒருவர் ரொறன்ரோவின் தக் மாக். குருட்டுக் கலைப்பில் நம் உடலையே தாக்கக்கூடிய கலங்களும் உருவாகாமல் இருக்குமா? உருவாகும். மார்பெலும்புக்குப் பின்னாலுள்ள தைமஸ் சுரப்பியில் அவை தேர்வுக்கு உட்படுகின்றன. தன்னுடலைத் தாக்குபவை அங்கேயே மடிகின்றன. நூற்றில் சிலவே வெளியே வருகின்றன. தப்பி வருபவற்றையும் அடக்கி வைக்கத் தனியொரு காவற்கலவகை இருப்பதை ஷிமோன் சகாகுச்சி 1995இல் காட்டினார். இதே காவலை ஆராய்ந்த மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் இருவரோடும் சேர்த்து அவருக்கு 2025இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இத்தனை அடுக்குக் காவல் இருப்பதால்தான் நம்மில் பெரும்பாலோர் ஆயுள் முழுவதும் நம் உடலோடு சமாதானமாக வாழ்கிறோம். லூபஸ் ஏன் சிலருக்கு வருகிறது என்பதைவிட, ஏன் எல்லோருக்கும் வருவதில்லை என்பதே பெரிய அதிசயம்.

காவல் தளர்ந்தால், தன் கலக்கருவையே எதிர்க்கும் பிறபொருளெதிரிகள் குருதியில் தோன்றும். அவற்றைத் தேடுவதே ஏஎன்ஏ பரிசோதனை. குருதிநீரை மேலும் மேலும் ஐதாக்கி, எந்த அளவு வரை ஒளிர்வு தெரிகிறது என்று பார்ப்பார்கள். 1:160 அளவில் நலமாயிருப்பவர்களில் 20 பேரில் ஒருவருக்கு இது ஒளிரும். ஆகவே ஏஎன்ஏ இருப்பதால் மட்டுமே லூபஸ் என்று ஆகாது. வைத்தியர் மேலும் குறிப்பான பிறபொருளெதிரிகளைப் பார்ப்பார், சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று பார்ப்பார், தேவையானால் பயொப்சி செய்வார். மரத்துப்போகும் ஊசி போட்டு, சில மில்லிமீற்றர் அகலத் தோற்துண்டு ஒன்றை எடுப்பார்கள். ஒளிரும் சாயம் சேர்த்து நுண்நோக்கியில் வைக்கும்போது, மேற்றோலும் உட்தோலும் சந்திக்கும் எல்லையில் படிந்திருக்கும் பிறபொருளெதிரிகள் இளம்பச்சைப் பட்டையாகச் சுடர்விடும். வெளியே கறுத்த தழும்பாகத் தெரிந்த இடம் உள்ளே தன் வரலாற்றை எழுதி வைத்திருக்கும்.

லூபஸ் நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். பலர் பிள்ளை பெறும் வயதினர். ஆசிய வழிவந்தவர்களிடம் அது கூடுதலாகவும் கடுமையாகவும் வருகிறது. ரொறன்ரோவில் மரே உரோவிற்ஸ் 1970இல் தொடங்கிய லூபஸ் கிளினிக், அதே நோயாளிகளை ஆண்டுக்கணக்கில், பல பதின்ம ஆண்டுகளாகப் பின்தொடர்ந்து வருகிறது. அந்தப் பொறுமையிலிருந்துதான் லூபஸ் நோயாளிகளை, நோயின் தொடக்க ஆண்டுகளின் ஆபத்தைத் தாண்டிய பிறகும், பிற்காலத்தில் மாரடைப்பு என்ற வேறோர் ஆபத்து சூழ்கிறது என்பது 1976இல் தெரியவந்தது. இன்று உலகெங்கும் லூபஸின் வேகத்தை அளக்கும் 24 குறிகள் கொண்ட அளவுகோலும் ரொறன்ரோவில் பிறந்ததே. மிசிசாகாவில் ஒருவரின் தோற்தடிப்பை இன்று வைத்தியர் எடை போடும்போது, அந்த நோயாளிகள் ஒவ்வொருவரும் கிளினிக்குக்கு வந்த வருகையின் பலன் அதில் சேர்ந்திருக்கிறது.

ஒரு கலத்தின் ஓர் எழுத்து

இத்தனையும் பார்த்த பிறகும் பெயர் கிடைக்காதவர்கள் உண்டு. அவர்களுக்காகவே இந்தக் கதையைக் கடைசியில் வைத்தேன்.

ஜேம்ஸ் டில்லும் ஏர்னஸ்ட் மக்கலொக்கும் ரொறன்ரோவின் பிரின்சஸ் மார்கரெட் வைத்தியசாலையில், கதிர்வீச்சால் மச்சை அழிந்த எலிகளுக்கு வேறு எலிகளின் மச்சைக் கலங்களை ஏற்றினார்கள். பத்து நாட்களில் மண்ணீரலில் சிறு முடிச்சுகள் எழுந்தன. ஏற்றிய கலங்களின் எண்ணிக்கைக்கேற்ப முடிச்சுகளும் கூடின. ஒவ்வொரு முடிச்சும் ஒரே ஒரு கலத்திலிருந்து பெருகியது! 1961இல் அவர்கள் வெளியிட்ட அந்த ஆய்வே, ஒரு குருத்துக் கலம் பலவகைக் குருதிக் கலங்களையும் பெற்றெடுக்க வல்லது என்ற உண்மைக்கு அடித்தளம் இட்டது.

அதற்கு 59 ஆண்டுகள் கழித்து, 2020இல், அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் டேவிட் பெக்கும் அவருடைய குழுவினரும், காரணம் தெரியாத காய்ச்சலும் அழற்சியும் உள்ள 2,500க்கும் மேற்பட்டோரின் மரபணு விவரங்களை ஒன்றாகப் பரப்பி வைத்துத் தேடினார்கள். 25 ஆண்களில் ஒரே மரபணுவில், ஏறத்தாழ ஒரே இடத்தில் பிழை இருந்தது. வலியோடு எழும் தோற்தடிப்பு, காது மடலிலும் மூக்குக் குருத்தெலும்பிலும் வீக்கம், விடாத காய்ச்சல், இரத்தச்சோகை என்று அவர்களில் பலர் வெவ்வேறு நோய்ப்பெயர்களோடு வெவ்வேறு துறைகளில் சிகிச்சை பெற்று வந்தவர்கள். அந்தப் பிழை அவர்கள் பிறக்கும்போது இருக்கவில்லை. நடுவயதுக்குப் பின் மச்சையிலுள்ள ஒரு குருத்துக் கலத்தில், மரபணுவின் ஓர் எழுத்தில் ஏற்பட்ட மாற்றம் அது. அந்தக் கலத்தின் சந்ததி குருதியை நிரப்ப, தோல் எரியத் தொடங்கியது. நோய்க்கு வெக்சாஸ் என்று பெயர் வந்தது. மூன்றாண்டுகளில் இன்னோர் ஆய்வு, 50 வயதைத் தாண்டிய ஆண்களில் ஏறத்தாழ 4,300 பேரில் ஒருவருக்கு இது இருக்கலாம் என்று கணித்தது. பெயர் இல்லாத காலத்தில் யாருக்கும் இல்லாததாகத் தோன்றிய நோய் அது.

இந்நோயின் ஒரு தடயம் பலரின் சாதாரண இரத்தப் பரிசோதனைத் தாளிலேயே இருந்திருக்கிறது. செங்குழியங்களின் சராசரிப் பருமன் வழமையைவிடப் பெரிது. எல்லோரும் பார்த்த எண். எவரும் தோலோடு சேர்த்து வாசிக்காத எண். தோலின் லாங்கர்ஹான்ஸ் கலமும் இப்படித்தான் காத்திருந்தது. 1868இல் மாணவர் போல் லாங்கர்ஹான்ஸ் அதை முதன்முதலில் கண்டபோது நரம்புக்கலம் என்று நினைத்தார். அது கிருமிகளைப் பிடித்துக் காவற்கலங்களுக்குக் காட்டிக்கொடுக்கும் ஒன்று என்பது புரிய நூறாண்டுக்கு மேல் ஆனது. அந்தக் கலக்குடும்பத்தை விளக்கிய மொன்றியலில் பிறந்த ரால்ஃப் ஸ்ரைன்மனுக்கு 2011இல்தான் நோபல் பரிசு வந்தது. நம் கண்முன்னே எழுதப்பட்டிருப்பதை வாசிக்க நூறாண்டு தேவைப்படுகிறது என்றால், எழுதியவனின் அறிவு எத்தகையது!

எனவே, பெயர் கிடைக்காமல் காத்திருப்பவர்களே, உங்கள் தடிப்பின் நாட்குறிப்பை எழுதி வையுங்கள்: எப்போது எழுந்தது, எத்தனை மணிநேரம் நின்றது, காய்ச்சல் உண்டா, மூட்டு வலித்ததா, புதிதாக எந்த மருந்து குடித்தீர்கள், வெயிலில் நின்றீர்களா. பழைய இரத்தப் பரிசோதனைத் தாள்களை எறியாதீர்கள். ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது தனித்தனியே தெரியாத ஒழுங்கு தெரியலாம். ஓராண்டுக்கு முன் ‘ஒன்றுமில்லை’ என்று முடிந்த தேடலை, குறிகள் மாறினால், மீண்டும் தொடங்கக் கேட்பது உங்கள் உரிமை. ‘இன்னும் தெரியவில்லை, தேடுவோம்’ என்று சொல்லும் வைத்தியரை மதியுங்கள். உண்மையும் பணிவும் உள்ளவரே அப்படிச் சொல்வார். குடும்பத்தவர்களே, காணாக்கடியும் லூபஸும் தொட்டால் ஒட்டுவதில்லை. பிள்ளையின் கல்யாணப் பேச்சுக்குப் பயந்து கையை நீள்சட்டையில் மறைக்கச் சொல்லாதீர்கள். ‘மனக்கவலைதான்’ என்று ஒதுக்கிவிடாதீர்கள். கிளினிக்குக்குக் கூடப் போய் உட்காருங்கள்.

காரணமில்லாத தடிப்பு என்று படைப்பில் ஒன்றும் இல்லை. காரணம் இன்னும் அறியப்படாத தடிப்புத்தான் உண்டு. ஒரு பென்சில் கோட்டுக்கே மூன்று படிகளில் ஒழுங்காக விடை சொல்லும் தோல், ஆண்டுக்கணக்காக எழும் தடிப்பில் மட்டும் அர்த்தமில்லாமல் பேசுமா? பேசாது. இந்த நம்பிக்கைதான் ஏர்லிக்கைச் சாயத்தோடு உட்காரவைத்தது. ஆயிரக்கணக்கான மரபணுத் தொடர்களுக்கு முன் பெக்கின் குழுவினரை உட்காரவைத்தது. மிசிசாகாவில் இன்று விசேட வைத்தியரின் அழைப்புக்காகக் காத்திருக்கும் ஒருவருக்கும் இதே நம்பிக்கை உரியது. உடலைப் படைத்தவன் அதில் ஒழுங்கை வைத்தான். அதைத் தேடும் அறிவை மனிதருக்குக் கொடுத்தான். அந்த அறிவை அலுக்காமல் பயன்படுத்துவதே நாம் அவனுக்குச் செய்யும் வழிபாடு.